சாந்தமேரி கேட்ட காகிதம்

பிரிக்பீல்ட்ஸில் சாந்தமேரியின் கடைக்கு வருகிறவர்கள் போர்டைப் பார்த்து வருவதில்லை. புடவைக் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அதன் அடியில் ஒரு போட்டோஸ்டாட் மெஷின், ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை. "மேரிகிட்ட போ, பாரம் எழுதிக் குடுக்கும்" என்று ஒருத்தர் இன்னொருத்தரை அனுப்புவார். அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. நகல் எடுத்துத்தான் பிழைப்பு. விண்ணப்ப பாரம் எழுதுவது வீம்புக்கு என்று அவள் புருஷன் லியோனல் சொல்வார். அரசாங்க ஆபீஸ் கவுன்டரில் யாராவது படிக்காத ஆளை "போ, நாளைக்கு வா" என்று விரட்டினால் இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுப்பாள்.

கம்போங் மேடான் பக்கத்துச் சனங்களுக்கு அரசாங்க மலிவு வீட்டு பாரம் எழுதியதும் அப்படித்தான். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டு வெளியே அனுப்பிவைத்த குடும்பங்கள். வாடகை ஃபிளாட்டில் அடைந்து கிடந்தார்கள். பாரத்தில் எல்லாம் சரியாக இருக்கும், போன் நம்பர் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பாதிப் பேரிடம் அப்போது போன் கிடையாது. மீதிப் பேர் டாப் அப் காசு போடாமல் நம்பரைச் சாக விட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறு சிம்மோடு வந்து நிற்பார்கள். கட்டம் காலியாக இருந்தால் கவுன்டரில் பாரத்தைத் தூக்கி எறிவான். சாந்தமேரி யோசிக்கவே இல்லை. தன் நம்பரை எழுதினாள். ஒருத்தருக்கு எழுதினாள், அடுத்தவருக்கு எழுதினாள், அப்படியே முப்பத்து சொச்சம் குடும்பத்துக்கு எழுதிவிட்டாள். "கூப்பிட்டாங்கன்னா நான் வந்து சொல்லிடறேன், கவலைப்படாதீங்க" என்பாள். சொல்லவும் செய்வாள். பள்ளிக்கூட உதவி, ஆஸ்பத்திரி தேதி, எதற்கு அழைப்பு வந்தாலும் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவாள். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

தப்பு இருக்கிறது என்று தெரியப் பதினைந்து வருடம் ஆனது.

மலிவு வீட்டுக்குப் பெயர் பதிகிற அந்த வீட்டுப் பதிவு அலுவலகம் தன் பழைய கணினிச் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், எல்லாம் இனிமேல் சுலபம் என்றார்கள். சில மாதம் கழித்து வீரம்மா கடைக்கு வந்தாள். கட்டடம் கூட்டித் துடைக்கிறவள், அறுபத்தாறு வயது. மகள் தாமரைக்கு முப்பத்து நாலு. பிறந்ததிலிருந்து நடக்க முடியாது. இருவரும் நாலாவது மாடியில் குடியிருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்கிற நாளை விரல் விட்டு எண்ணலாம். அந்த ஃபிளாட்டையும் வீட்டுக்காரர் விற்கப் போகிறேன், அடுத்த வருடத்துக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"மேரி, புது ஃபிளாட்டு கட்டி முடிக்கப் போறாங்களாம். கீழ்மாடி வீடெல்லாம் தாமரை மாதிரி பிள்ளைங்களுக்காம். நம்ம பேரு எங்க நிக்குதுன்னு கொஞ்சம் பாரேன்."

சாந்தமேரி ஹேண்ட்போனில் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, வீரம்மாவின் அடையாள அட்டை ஐசி நம்பரைத் தட்டினாள். பதிவு இல்லை என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். பதிவு இல்லை. வீரம்மா பையிலிருந்து பழைய ரசீதை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றிய ரசீது.

அந்த ரசீதைத் தூக்கிக்கொண்டு இருவரும் அந்த அலுவலகம் இருக்கிற ஷா ஆலம் போனார்கள். கவுன்டரில் பழனியப்பன் என்று ஒரு தம்பி. மரியாதையான பையன்தான், குறை சொல்ல முடியாது.

"ஆன்டி, இது பழைய சிஸ்டத்து நம்பர். புது சிஸ்டம் இதைப் படிக்காது."

"சிஸ்டம் படிக்காட்டி நீங்க படிங்க தம்பி. உங்க ஆபீஸ் முத்திரைதானே இது?"

"முத்திரை எங்களதுதான். ஆனா ஆபீஸ் தப்பா பேரை எடுத்துடுச்சின்னு அத்தாட்சி இருந்தாத்தான் பழைய இடத்துல திரும்பப் போட முடியும். இல்லாட்டி புது பாரம் போடுங்க, வரிசையில கடைசியா நிக்கும்."

கேட்டீர்களா நியாயத்தை? எடுத்தது அவர்கள். எடுத்ததற்கான காகிதம் இருப்பதும் அவர்கள் அலமாரியில். அத்தாட்சி மட்டும் கூட்டித் துடைக்கிற வீரம்மா கொண்டுவர வேண்டுமாம்!

அந்த வாரமே ஒவ்வொருவராக வந்தார்கள். வந்த அத்தனை பேருக்கும் பதிவு இல்லை. அப்புறம் இரண்டு குடும்பத்துக்குப் பார்த்தால் பெயர் பத்திரமாக இருந்தது. சாந்தமேரிக்குத் திக்கென்றது. அந்த இரண்டு குடும்பமும் சொந்த நம்பர் கொடுத்தவர்கள்.

அன்றைக்கு வீடு இருக்கிற கிள்ளானுக்குத் திரும்புகிற கொமுட்டர் ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டாள். நம்மால்தான் போச்சோ? ஒரே நம்பர் என்று கண்டு அந்த மெஷின் எல்லாரையும் துடைத்துப் போட்டுவிட்டதோ? அப்படியானால் யார் அப்படித் துடைக்கச் சொன்னது? துடைக்குமுன் ஒரு ஆளையாவது கேட்டார்களா? வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். லியோனல்தான் சொன்னார்: "இங்க உக்காந்து உன்னையே திட்டிக்கிட்டா ஆச்சா? என்னா செஞ்சாங்கன்னு கேளு லா. கேக்கறதுக்குச் சட்டம் இருக்குல்ல?"

இருந்தது. அரசாங்கத் தகவலை எழுதிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று மாநிலத்தில் ஒரு சட்டம். சாந்தமேரி பாரம் எடுத்தாள். ஊருக்கே எழுதியவள், முதல் தடவையாகத் தனக்காக எழுதினாள். பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குப் பெயர்களை மாற்றியபோது எந்த விதியில் நீக்கினீர்கள், யார் முடிவு செய்தது, அந்தக் கூட்டக் குறிப்பைக் கொடுங்கள். மூன்றே கேள்வி. 'காரணம்' என்ற கட்டத்தில், வீரம்மாவுக்கும் அவள் மகளுக்கும் வீடு வேண்டும் என்று எழுதினாள். பழனியப்பன் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இப்படி எழுதக் கூடாது. சொந்தப் பார்வைக்குன்னு போடுங்க" என்றான். சரி, போட்டாள்.

முப்பது நாள் ஆயிற்று. நாற்பதும் ஆயிற்று. போய்க் கேட்டால், அது பழைய பாரமாம், அவள் கொடுப்பதற்கு முந்தின மாதமே புது பாரம் வந்துவிட்டதாம். ஏன்யா, வாங்கும்போது கண் தெரியவில்லையா? புது பாரம் எழுதினாள். இன்னொரு முப்பது நாள். இந்தப் பிரிவில் அந்தக் கோப்பு இல்லை, கணினிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. கணினிப் பிரிவு, சிஸ்டம் செய்த கம்பெனியின் சம்மதம் வேண்டும் என்றது. கம்பெனி, அது ரகசியம் என்றது. எது ரகசியம்? வீரம்மாவின் பெயரை அழித்தது வீரம்மாவுக்கே ரகசியமா? அப்புறம் சட்டப் பிரிவைக் கேட்கிறோம் என்றார்கள். சட்டப் பிரிவு அதிகாரி கோர்ஸுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"நான் என்ன செய்யறது ஆன்டி, மேலேர்ந்து வரணும்" என்பான் பழனியப்பன்.

"மேலேன்னா எத்தனாவது மாடி தம்பி? நம்பரைச் சொல்லு, நான் ஏறிப் போறேன்."

சாந்தமேரி சும்மா சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறியும் பார்த்தாள். ஒவ்வொரு மாடியிலும் மேலேதான் கை காட்டினார்கள். கடைசி மாடியில் ஒரு பூட்டின அறையும் ஒரு தண்ணீர் டாங்கியும் இருந்தன.

ஆறாம் மாதம் மனசு தாங்காமல் வீரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அக்கா, எனக்கு என்னமோ என் நம்பரைப் போட்டதாலதான் எல்லாம் போச்சுன்னு தோணுது. என்னைத் திட்டுங்க."

வீரம்மா, "அடி போடி. அப்ப எனக்கு ஏது நம்பரு? உன் நம்பர் இருந்ததாலதான் பாரத்தையே வாங்கினான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சாந்தமேரியும் அழுதாள். மெஷின் பக்கத்தில் நகலுக்கு நின்ற ஆள் சங்கடப்பட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பத்தாவது மாதம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாந்தமேரியின் மனுவையே காணோம்! தகவல் மனுக்களைப் பதிகிற சிஸ்டத்தையும் மாற்றினார்களாம். மாற்றும்போது பழைய மனுக்களில் சில வந்து சேரவில்லையாம். பழனியப்பன் இதைச் சொல்லும்போது அவனுக்கே முகம் செத்துவிட்டது. சாந்தமேரி சிரித்தாள். கவுன்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். பிறகு பையைத் திறந்து, முத்திரை வைத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் எடுத்து வைத்திருந்த நகலை மேசைமேல் பரப்பினாள். போட்டோஸ்டாட் கடைக்காரியிடமா இந்த வேலை?

"எங்கிட்ட எல்லாம் இருக்கு தம்பி. தேதி வாரியா இருக்கு. உங்க சிஸ்டத்துக்கு வேணும்னா நான் ஒரு செட் எடுத்துத் தரேன்."

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் அசைந்தது. ஆனால் வரிசையில் முன்னால் நிற்கிறவர்களின் பெயரைப் போட்டு எடுக்கிற புது ஃபிளாட்டுக் குலுக்கல் தேதியும் வந்துவிட்டது. குலுக்கலுக்கு முன் அந்தக் காகிதம் கிடைத்தால் வீரம்மாவின் பெயரைச் சேர்க்கலாம் என்று பழனியப்பனே ஒத்துக்கொண்டான். சாந்தமேரி வாரம் இரண்டு தடவை ஷா ஆலம் ஸ்டேஷனில் இறங்கினாள். நாளைக்கு என்றார்கள். திங்கட்கிழமை என்றார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி என்றார்கள். கையெழுத்துப் போடுகிறவர் குலுக்கல் ஏற்பாட்டில் பிஸியாம். குலுக்கலும் முடிந்தது. பட்டியலில் வீரம்மா இல்லை. எப்படி இருப்பாள்?

காகிதம் நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தது. பதினாலு மாதக் காத்திருப்புக்கு அறுபத்து மூன்று பக்கம். சாந்தமேரி உறையைப் பிரித்துப் புரட்டினாள். கூட்டம் நடந்த தேதி இருந்தது. டீ, பலகாரம் பரிமாறப்பட்டது என்ற வரி இருந்தது. மற்ற பக்கமெல்லாம் கறுப்பு. வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி கறுப்பு மை பூசி மூடிவிட்டார்கள். இருபது வருடமாக மெஷினுக்கு மை ஊற்றியவள், இவ்வளவு மையை ஒரே கட்டுக் காகிதத்தில் பார்த்ததில்லை. அந்தக் கட்டை அப்படியே சுவரில் அடித்தாள். பக்கங்கள் படிக்கட்டு வரை பறந்தன. பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கினாள். எழுத்து வேலை செய்கிறவளுக்குக் காகிதத்தைக் கீழே போட மனசு வராது.

அந்த வியாழக்கிழமை வீரம்மா வந்தாள். தாமரையின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்க வேண்டும். வடக்கே கூலிமில் தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கப் போகிறாளாம். சனிக்கிழமை சாமான் ஏற்ற லோரி வருகிறது. நாலு மாடி தாமரையை யார் தூக்கி இறக்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது சாந்தமேரியின் ஹேண்ட்போன் அடித்தது. பேசியது ஒரு மலாய்ப் பெண், மலாயில்தான் பேசினாள், நல்ல இனிமையான குரல். வீட்டுப் பதிவு அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறாளாம்.

"நாகையாவோட பேசலாங்களா? வாழ்த்துகள். குலுக்கலில் அவருக்குக் கீழ்மாடி வீடு விழுந்திருக்கிறது."

நாகையா சாந்தமேரியிடம் முதல் முதலாக வீட்டு பாரம் எழுத வந்தவர். தோட்டத்தில் வேலை செய்து கால் போனவர். அவர் செத்து நாலு வருடம் ஆகிறது; அடக்கத்துக்கு இவளும் போயிருந்தாள்.

"மா, இந்த நம்பரில் வேற யாருமே இல்லையா?" என்று சாந்தமேரி மலாயிலேயே கேட்டாள்.

"இல்லை ஆன்டி. ஒரு நம்பருக்கு ஒரு விண்ணப்பம்தான். முதலில் பதிந்ததை வைத்துக்கொண்டு மற்றதைச் சிஸ்டம் எடுத்துவிடும். அதுதான் விதி."

பதினாலு மாதம். எத்தனை பாரம், எத்தனை மாடி, அறுபத்து மூன்று கறுப்புப் பக்கம். அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப சொன்னதை எனக்கு எழுதித் தர முடியுமா, மா?"

"எழுத்திலா? அதுக்கு நீங்க தகவல் பாரம் போடணும் ஆன்டி. முப்பது நாளில் பதில் வரும்" என்றாள் அந்தப் பெண், அதே இனிமையோடு. பதினாலு நாளுக்குள் நாகையா நேரில் வந்து சாவி வாங்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

சாந்தமேரி போனை மேசைமேல் வைத்தாள்.

"யாரு மேரி?" என்றாள் வீரம்மா.

"நாகையாவுக்கு வீடு கிடைச்சிருக்காம்."

"எந்த நாகையா? அவருதான் போய்ச் சேந்துட்டாரே!"

"அவங்க கணக்குல அவரு உசிரோட இருக்காரு அக்கா. நீங்களும் தாமரையும்தான் இல்ல."

வீரம்மா மெஷின் வெளியே தள்ளிய தாமரையின் காகிதங்களை எடுத்து, ஓரம் பார்த்துத் தட்டி அடுக்கினாள். சாந்தமேரி இழுப்பறையைத் திறந்து ஒரு புது தகவல் பாரத்தை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் இந்தத் தடவை 'சொந்தப் பார்வைக்கு' என்று போடவில்லை; பேனாவைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி, வீரம்மாவின் பெயரையும் ஐசி நம்பரையும் எழுதினாள். அதன் கீழே தாமரையின் பெயரை எழுதினாள்.