நான்காவது கன்று

பன்னிரண்டு வருடமாக அம்சவல்லிக்கு வேலை மரம் வளர்ப்பது. கேட்பதற்கு எவ்வளவு குளுமையாக இருக்கிறது! நெய்வேலி மைன்ஸில் தோண்டி வெளியே கொட்டிய மண், மலைமாதிரி குவிந்து கிடக்கும். அந்த மேட்டில் குழி எடுத்து, கன்று நட்டு, ஓஸ் பிடித்துத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விடுகிறவள் ஒதுங்குவதற்கு அங்கே ஒரு முழம் நிழல் கிடையாது. சித்திரை மாதம் பகல் பதினொன்றுக்கு மேல் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும்.

அவளோடு பதினொரு பெண்கள். எல்லோரும் வடக்குத்து கிராமத்தை ஒட்டிய ஒரே ஊர், எல்லோரும் கான்ட்ராக்ட். ஆள் அனுப்புகிற கான்ட்ராக்ட் ஊராட்சித் தலைவர் தனகோட்டியின் மச்சான் பெயரில் இருந்தது. மச்சான் பெயரில் இருந்தால் யார் கையில் இருக்கும் என்று ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் வேலை உண்டு.

போன மே மாதம் திலகவதி மேட்டிலேயே சுருண்டு விழுந்தாள். கையிலிருந்து நழுவிய ஓஸ் அவள் மேலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதுகூடத் தெரியாமல் கிடந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் விழுந்த மறுநாள் காலை மேஸ்திரி ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் "திலகவதி" என்று கூப்பிட்டார். முன்பின் பார்த்திராத ஒருத்தி "இருக்கேன்" என்றாள். ஆளே விழவில்லை என்று கணக்கு முடிந்தது. பக்கத்தில் நின்ற அம்சவல்லி வாய் திறக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் ஊராட்சித் தேர்தல் வந்தது. பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெயில் காலத்தில் பதினோரு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும். இதை மைக்கில் யார் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்குத்தான் பன்னிரண்டு வீட்டு ஓட்டும். பிளஸ் டூ படித்தவள் அம்சவல்லி ஒருத்திதான் என்பதால் நோட்டு அவள் கைக்கு வந்தது. நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஆட்டோ, அந்தப் பக்கம் பூட்டுச்சாவி என்று எழுதினாள். ஆட்டோ தனகோட்டியின் சின்னம். பூட்டுச்சாவி ரிட்டயர் ஆன வாத்தியார் கொளஞ்சியப்பனுடையது. இருவரின் நோட்டீஸையும் வரிவரியாகப் படித்து மரம், தண்ணீர், வெயில், வேலை என்று நோட்டில் இறக்கினாள்.

இரண்டு நோட்டீஸிலும் பச்சை மை தாராளம். தனகோட்டியினுடையதில் ஒரு படமும் இருந்தது. ஐந்து வருடம் முன்பு சுற்றுச்சூழல் தினத்தன்று அந்த மேட்டில் அவர் நட்ட வேப்பங்கன்று, இன்றைக்கு அவர் தலைக்கு மேல் நிற்கிறது. மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் எடுத்திருந்தார், அது வேறு விஷயம். அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவர் நட்ட கன்று நாற்பதே நாளில் கருகிவிட்டது. "பலகையில தலைவர் பேரு இருக்குதில்ல? அதுக்குக் கீழ பச்சையா ஒண்ணு நிக்கணும்" என்றார் மேஸ்திரி. அவள்தான் மாற்றி நட்டாள். அதுவும் காய்ந்தது, மூன்றாவதும் காய்ந்தது, மறுபடி மாற்றினாள். இப்போது நிற்பது நான்காவது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் இருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்தார்கள். கொளஞ்சியப்பன் முதலில் பேசினார். கரியை எரித்து எரித்துத்தான் வெயில் இப்படி ஏறுகிறது, மைன்ஸை இனி விரிக்கக் கூடாது, சோலார் வர வேண்டும் என்றார். எல்லாம் நியாயமான பேச்சு.

"மைன்ஸ் நின்னுட்டா நாங்க பன்னெண்டு பேரும் எங்கங்க போறது?" என்று அம்சவல்லி எழுந்து கேட்டாள்.

"அத கட்டம் கட்டமா யோசிக்கணும்மா."

"அதுவரைக்கும் பதினோரு மணிக்கு நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"சொல்லலாம். பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் இருக்குதான்னு பாக்கணும்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம். பூட்டுச்சாவியின் பக்கம் 'பார்க்கணும்' என்று எழுதிக்கொண்டாள்.

தனகோட்டி நாற்காலியை விட்டு எழும்போதே கைதட்டல் ஆரம்பித்தது. "பசுமைய பத்தி வாத்தியாரு பேசுறாரு. நான் நட்டுட்டேன். அதுக்குத் தண்ணி ஊத்தின பொண்ணு இங்கதான் இருக்குது. வாம்மா அம்சவல்லி!" என்றார். இழுக்காத குறையாக மேடையேற்றினார்கள். தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. "நீயே சொல்லு, நம்ம மரம் எப்படியிருக்குது?" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

கீழே திலகவதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போகவே இல்லை. அவளைப் பார்த்ததும் அம்சவல்லிக்கு அந்த மஸ்டர் நினைவு வந்துவிட்டது.

"அது நாலாவது கன்னுங்க" என்றாள். "நீங்க வச்சது அப்பவே பூடுச்சு. மாத்தி மாத்தி வச்சிகினே இருந்தேன். கன்னு மாரியே எங்களையும் மாத்துறாங்க. திலகா வுழுந்தப்ப அவ பேருல வேற ஒருத்தி நின்னா. பதினோரு மணிக்கு வேலைய நிறுத்துவீங்களா, சொல்லுங்க."

தனகோட்டி ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தார். "பாத்தீங்களா! மூணு தடவ செத்தும் விடல. நாலாவது தடவையும் வச்சோம். இந்த விடாப்பிடிதான் உங்களுக்கு வேணும்!"

கூடம் கைதட்டியது. பெண்களிலும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். பதினோரு மணி என்ற பேச்சே அதற்கப்புறம் எழவில்லை. பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்சவல்லி தோளிலேயே போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

புதன்கிழமை பாஸ் பட்டியல் வந்தது. அவளுடைய பாஸ் புதுப்பித்திருந்தார்கள், ஆனால் அவள் கைக்கு வரவில்லை. "எலக்‌ஷன் முடியட்டும், வூட்டுல ரெஸ்ட் எடு" என்றார் மேஸ்திரி, ரொம்ப அக்கறையாக.

வியாழக்கிழமை பகலில் திலகவதி போன் செய்தாள்.

"அக்கா, காலையில மஸ்டர்ல ஒன் பேரக் கூப்புட்டாங்க. குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பொண்ணாம். 'இருக்கேன்'னுச்சு."

"நீ ஒண்ணும் சொல்லலியாடி?"



"எனக்கும் பாஸ் வேணுமில்லக்கா."

அம்சவல்லிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது தனக்கு என்று நினைத்தாள். சுவரில் மணி பதினொன்றரை.

"ஓஸ வச்சிட்டு எங்கனா நெழலுல ஒக்காருடி. மறுபடி வுழுந்து தொலைக்காத."

"ஒக்காந்துகினுதாங்க்கா பேசுறேன். நீ வச்ச நாலாவது கன்னுக்குக் கீழதான். தலைக்கு மட்டும் நெழலு விழுது."