புள்ளிகளில் தெரிந்த படம்

சுங்கை காடுட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குத் தமிழ்ப் படம் போட டிவி டிகோடரைத் தட்டிப் பார்த்தேன். சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. திரை முழுக்க நீலம்.

“புள்ளியாச்சும் வருதா?” என்றார் அப்பா.

என் சின்ன வயதில், தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் மலையடிவாரத்தில் இருந்தது. ஒளிபரப்புக் கோபுரமோ மலைக்கு அந்தப் பக்கம். டிவி பெட்டியில் சத்தம் வரும். படத்துக்குப் பதிலாகப் புள்ளிகள்தான் கொதிக்கும். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா, ரப்பர் பால் வாடையோடு முன்னால் உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளைப் பார்த்தே படம் சொல்வார்.

“அந்தா, புள்ள அழுவுது. ஹீரோ மோட்டார் சைக்கிள்ல போறான்.”

“மாமா, அது ஆளா, மரமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா சீண்டுவார்.

“கண்ணு தெரியலன்னா டவுன்ல போயி பாருலா!”

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் படம் முடியும்வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

இங்கே, ஏரியலை ஜன்னலில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். “இப்ப புள்ளியெல்லாம் வராதுப்பா. வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே இல்ல.”

அவர் வெகுநேரம் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் சொல்ல அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

“டிவிய அடச்சிரு,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.