இனி

சங்கீதத்தின் மேல் இத்தனை பைத்தியம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கேட்ட ஓர் ஆல்பத்தால் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல எழுபதைத் தாண்டியும் வெட்கமாக இருக்கிறது.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் எனக்குப் பத்து வயது. காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம் இருந்தது. பொங்கல், படையல், திருநீறு எல்லாம் எங்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்தவர்கள்; பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டம்மாவை மலாய் வழக்கப்படி மாச்சிக், அத்தை, என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாச்சிக்கின் தம்பி சிங்கப்பூரிலிருந்து அந்த ஆல்பத்தை வாங்கி வந்தார். பெரிய புத்தகம் மாதிரி இருக்கும்; ஏடு ஏடாக உறைகள், உறைக்கு ஒன்றாக ஆறு இசைத்தட்டுகள். ஆறிலும் ஒரே பெண் சினிமா மெட்டில் பாடிய தமிழ்ப் பாட்டுகள். வீட்டில் ஒருவருக்கும் ஒரு வரி புரியாது. அதனால் தமிழ்ப் பள்ளியில் நாலாவது படித்த என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பாயில் உட்காரவைத்து, தட்டில் பலகாரம் வைத்து, நான் உளறியதையெல்லாம் வேதவாக்காகக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது தட்டில்தான் அந்தப் பாட்டு இருந்தது. ‘பூவும் பொட்டும் யாருக்காக இனி’ என்று தொடங்கும். அந்தக் குரல் ‘இனி’யில் மெல்ல இறங்கும்போது வாயில் போட்ட பலகாரத்தைக்கூட மறந்துவிடுவேன். பாட்டு என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பூவும் பொட்டும் மாச்சிக்குக்குத் தெரிந்த சொற்கள். ‘இனி’ என்றால் மலாயில் ‘இது’. இதோ பூ, இதோ பொட்டு என்று பாடுகிறாள் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

“இனி லாகு காவின் கா?” என்று என்னிடம் கேட்டார். இது கல்யாணப் பாட்டா என்று.

அது புருஷனைப் பறிகொடுத்தவளின் பாட்டு. பத்து வயதிலும் எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு முந்தின வாரம் வேறொரு தட்டை அழுகைப் பாட்டு என்று சொல்லித் தொலைத்திருந்தேன். கல்யாண வீட்டில் ஆகாது என்று மாச்சிக் அதைத் திரும்ப வைக்கவேயில்லை. இதுவும் போய்விடுமே என்ற பயத்தில் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கே நாலு தடவை வைத்தார்கள். நானும் கூச்சமில்லாமல் கேட்டேன்.

கல்யாணத்தன்று மகளை அலங்கரித்து அழைத்து வந்தபோது, மாச்சிக் தன் கையாலேயே அந்தத் தட்டை வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரும் செட்டிகள்தான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் அம்மா மட்டும் முகம் வெளுத்துப்போய், விறுவிறுவென்று நடந்து ஊசியைத் தூக்கிவிட்டாள். மாச்சிக்கின் காதில் என்னவோ சொன்னாள். மாச்சிக்கின் கை அப்படியே நெஞ்சுக்குப் போனது. பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“தெனம் இங்கதானே கெடக்குற. நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?”

“எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாச்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இல்லையென்று நான் தலையை ஆட்டிய விதம் யாருக்கும் புரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, “சாலா சாயா” என்றார். தன்னுடைய தப்பு என்று. நல்ல நாளில் தன் மகளுக்குத் தானே கெட்ட வாக்குச் சொல்லிவிட்டதாக, பந்தி முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மாச்சிக் ஆல்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதை என் மடியில் வைத்து, “எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாது, உனக்குத்தான் புரியும், நீயே வைத்துக்கொள்” என்று மலாயில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. அம்மா தேத்தண்ணீர் கலக்க உள்ளே போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

நான் ஆல்பத்தைத் திறந்து, நாலாவது தட்டு இருக்கிறதா என்று பார்த்தேன்.