ஓரம் போதாத தபால்தலை

என் வீட்டுக்காரருக்குத் தபால்தலைச் சங்கத்தில் 'ஜட்ஜ்' என்று பெயர். அதை யாரும் ஆசையாக வைக்கவில்லை என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவர் பார்த்த உத்தியோகம் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அதில் ஊறிப்போனவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். மாட்டிக்கொண்ட திருடன், இன்னும் மாட்டாத திருடன். நான் வெங்காயம் வாங்கி வந்தால் பையை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடையில அடிச்சுட்டான்" என்பார். திரும்பிப் போய்ச் சண்டை போட வேண்டியவள் நான்.

ஓய்வு பெற்றதும் இவ்வளவு பெரிய திறமை வீணாகிவிடுமே என்று கவலைப்பட்டேன். வீணாகவில்லை, சங்கம் கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். சாதாரணத் தபால்தலைக்கு நான்கு ஓரமும் பல் பல்லாக இருக்கும். கிழிக்க வசதியாக இருக்கட்டும் என்று அச்சடித்த தாளில் மெஷின் வரிசையாகத் துளை போடும். எப்போதாவது மெஷின் அசந்துபோய் ஒரு தாளை அப்படியே விட்டுவிடும். அச்சகத்தில் அது பிழை, சங்கத்தில் அது பொக்கிஷம். உருப்படியாக வந்ததற்கு மதிப்பில்லை, உருப்படாததற்கு மதிப்பு உண்டு என்கிற இடம் அது. உறுப்பினர்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

மதிப்பு என்று வந்துவிட்டால் கத்திரிக்கோலும் வந்துவிடும் அல்லவா. சில புத்திசாலிகள் சாதாரணத் தலையின் பல்லையெல்லாம் நறுக்கிவிட்டு, இது பிறவியிலேயே பல் இல்லாதது என்று கொண்டுவருவார்கள். அங்கேதான் ஜட்ஜ் தேவைப்பட்டார். அதே படம் போட்ட சாதாரணத் தலை ஒன்றை எடுத்து, வந்திருப்பதன்மேல் வைத்துப் பார்ப்பார். பல்லை நறுக்கினால் அளவு சுருங்கத்தானே வேண்டும். நிஜமாகவே துளை விழாமல் வந்தது என்றால் பல் நுனியையும் தாண்டி நாலு பக்கமும் வெள்ளை ஓரம் தெரிய வேண்டும். இரண்டு தலை பிரியாமல் ஜோடியாக இருந்துவிட்டால் வம்பே இல்லை. நடுவில் துளை இருக்கிறதா இல்லையா என்று எங்கள் பேத்திகூடச் சொல்லிவிடுவாள்.

பல் நுனிக்குச் சரிக்குச் சரியாக இருந்தால் 'சொல்ல முடியாது' என்று எழுத வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை வாயிலும் வராது, பேனாவிலும் வராது. அவரிடம் இருந்தது 'அசல்', 'வெட்டியது' என்ற இரண்டே தீர்ப்பு. 'அசல்' அபூர்வம்.

வருகிறவர்கள் கையில் தபால்தலையோடு வாயில் ஒரு கதையும் கொண்டுவருவார்கள். மாமனாரின் பெட்டியில் இருந்தது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொடுத்தது என்று ஆரம்பிப்பார்கள். இவர் கையைக் காட்டி நிறுத்துவார்.

"கதை கேக்கிற இடம் இல்ல இது. ஸ்டாம்ப்பைக் காட்டுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் என் நாத்தனாரின் கணவரும் வந்து நின்றார். நாத்தனார் என்றால் இவருக்கு நேர் அக்கா. அவள் கணவர் சாலைப் பணியில் ஓவர்சியராக இருந்தவர். பல் இல்லாத ஒரு நீலத் தலையை மேஜைமேல் வைத்து, "மாப்ள, இது உங்க அப்பா…" என்று ஆரம்பித்தார்.

"அத்தான், கதை வேணாம்," என்றார் இவர்.

இவர் சூடானதற்குக் காரணம் இருந்தது. அச்சு அசலாக அதே நீலத் தலை எங்கள் வீட்டு பீரோவிலும் இருந்தது. இவருக்கு வேலை கிடைத்த அன்று என் மாமனார் கொடுத்தது. அவர் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர். துளை விழாத தாள் ஒன்று கைக்கு வந்ததும், அதைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் தன் கைக்காசுக்கு எட்டியதை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டாராம். அந்தத் தலையை இவர் லென்ஸில் வைத்ததே இல்லை. அப்பா கொடுத்ததை யாராவது அளப்பார்களா? மற்றவர்களின் அப்பாக்கள் கொடுத்ததைத்தான் அளக்க வேண்டும்.

தன்னிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஓவர்சியர் வீட்டிலேயே ஒன்று தயாரித்துவிட்டார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். சாதாரணத் தலையை மேலே வைத்தார். ஓரம் பல் நுனியைத் தாண்டவில்லை.

"வெட்டினது," என்றார், சங்கம் முழுக்கக் கேட்கும்படி. "ஏதாவது கவர்ல ஒட்டி அனுப்பிடுங்க அத்தான். அதுக்கு மட்டும்தான் ஆகும்."

ஓவர்சியர் தலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றோடு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நாத்தனாரும் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் நான் மனம்விட்டுச் சிரித்துப் பேச இருந்த ஒரே ஆள் அவள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்த வாரமே கடைத்தெருவில் நாத்தனாரைப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணமானபோது அப்பா கொடுத்த தலை அது என்றாள். அவளுக்குத் தபால்தலையைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. தையல் டப்பாவில் பட்டன்களோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு, மச்சான் சந்தோஷப்படுவாரே என்று ஓவர்சியர்தான் எடுத்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொல்லப்போனேன். "நீயும் கதை சொல்ல வந்துட்டியா?" என்றார் ஜட்ஜ். அப்படியானால் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வருஷங்கள் போயின. பெரிய கண்காட்சி ஒன்று வந்தது. அதில் அப்பாவின் நீலத் தலையை வைத்தே தீருவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். கீழே அப்பாவின் பெயரைப் பொடி எழுத்தில் போட வேண்டும் என்று அட்டைகூடத் தயார். ஆனால் சொந்தப் பொருளுக்குத் தானே தீர்ப்பு எழுதக் கூடாதாம். வெளியூர் நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். எங்கே தொலைந்துவிடுமோ என்று பயந்து, கூடவே நடந்து போகாத குறைதான்.

தலை பத்திரமாகத் திரும்பி வந்தது. கூட ஒரு சீட்டு. 'ஒற்றைத் தலை. ஓரம் போதாது. சொல்ல முடியாது. ஜோடி இருந்தால் அனுப்பவும்.'

இவர் சீட்டைப் படித்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எங்க அப்பா கையால குடுத்தது. அவர் கவுண்டர்ல இருந்தப்ப வந்த தாளு. இவனுக்கு என்ன தெரியும்?"

"கதை கேக்கிற இடமாங்க அது?" என்றேன்.

முறைத்தார். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நானும் முறைத்தேன். பிறகு ஆற அமரச் சொன்னேன். "ஜோடி கேக்கிறாங்கல்ல? உங்க அக்காகிட்ட இருந்ததே, அதுதான் ஜோடி. மாமா உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்காரு."

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என் மாமனாரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. ஒரு மிட்டாயை மகனுக்கும் மகளுக்கும் பங்கு போடுவதென்றால்கூட ஸ்கேல் தேடுகிற மனுஷன். ஜோடியாக இருந்த தலையை நட்டநடுவில், நூல் பிடித்தாற்போல் வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார். நேர்பாதியாக வெட்டினால் ஓரம் பல் நுனிக்குச் சரியாகத்தானே நிற்கும், எங்கே தாண்டும்? ஒரு பிள்ளைமேல் மயிரிழை அளவு அதிகப் பாசம் வைத்திருந்தாரானால் ஒன்றாவது பிழைத்திருக்கும். நியாயமாக நடந்து இரண்டையும் கெடுத்துவிட்டார்.

இனி ஒரே வழிதான். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டிய இடத்தில் துளையே விழவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு ஓவர்சியர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

போனோம். என் வீட்டுக்காரர் தெருமுனையிலேயே இரண்டு தரம் செருப்பைச் சரிசெய்தார். ஓவர்சியர் நேற்றுத்தான் பார்த்த மாதிரி, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள், தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. இவர் விஷயத்தைச் சொல்லி, "அந்த ஸ்டாம்ப்பு… ஒரு தடவை தர முடியுமா அத்தான்?" என்றார்.

"அதுவா?" என்றார் ஓவர்சியர். "நீங்கதானே சொன்னீங்க, கவர்ல ஒட்டி அனுப்புங்கன்னு. எங்க தெருவில சாக்கடை அடைச்சிருந்துது. நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, அதை ஒட்டிப் போட்டேன். மறு வாரமே ஆள் வந்து சரி பண்ணிட்டாங்க. நல்ல ஸ்டாம்ப்பு மாப்ள."

அவர் முகத்தில் கிண்டலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜட்ஜ் விடவில்லை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். பழைய கட்டுகளெல்லாம் ஒட்டடையோடு கிடந்த அறையில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தாள். இவர் சட்டைப்பையிலிருந்து தன் நீலத் தலையை எடுத்துக் காட்டி, "எங்க அப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்தாரும்மா. அவரு எங்களுக்கு…" என்று ஆரம்பித்தார்.

"கதையெல்லாம் வேணாம் சார்," என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "மனு நம்பர் சொல்லுங்க."

நம்பர் ஏது? மனுவைத்தான் வைப்பார்களாம், கவரை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுவார்களாம். இவர் நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றார். எனக்கு இத்தனை வருஷத்துக் கோபமும் அந்த இடத்தில் எப்படியோ வடிந்துவிட்டது.

படி இறங்கும்போது சொன்னார். "அத்தான் அன்னிக்கு 'உங்க அப்பா'ன்னுதான் ஆரம்பிச்சாரு. என் காதுல விழுந்துது. விழுந்தும் நிறுத்தினேன்."

பஸ் நிறுத்தத்தில் எங்கள் வீட்டு பஸ் வந்தது, இவர் ஏறவில்லை. அக்கா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை. "பாத்து வாங்க, இருட்டு," என்று ஓவர்சியர் வாசலில் டார்ச் அடித்தார்.

"லைட்டுக்கு மனு போடலையா அத்தான்?"

"போடணும் மாப்ள. ஸ்டாம்ப்புதான் இல்லை."

இவர் சட்டைப்பையில் கைவிட்டு அப்பாவின் தலையை எடுத்து நீட்டினார். வேடிக்கைக்கு நீட்டவில்லை. ஓவர்சியர் அதை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஓரம் போதாதே மாப்ள," என்றார்.

நாத்தனார் அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். உள்ளே போய்த் தையல் டப்பாவைத் திறந்து, பட்டன்களுக்கு நடுவில் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

"இனிமே எங்க அப்பாவை எவனும் அளக்க வேணாம்," என்றாள். "சாப்பிட வாடா."