சித்தப்பா வீட்டில் இருந்த நாள்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாரியம்மன் கோயில் முக்கில் இரண்டு கட்சிக்காரர்களும் மோதிக்கொண்டு, சிலர் சட்டை கிழிந்து வீடு திரும்பினார்கள். இதெல்லாம் ஒன்றுமே இல்லை, ஓட்டு எண்ணுகிற அன்றைக்குத்தான் இருக்கிறது என்று மளிகைக் கடையிலும் குழாயடியிலும் அம்மா செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலும் ஒரே பேச்சாக இருந்தது. கலவரம் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். மேளதாளத்தோடு தெருவில் வரப்போகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்பதை அவர் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேலை முடிந்து வந்த பிறகு கட்சிதான் எல்லாம். அந்தத் தேர்தலுக்கு எங்கள் வார்டுச் சுவர்களில் சின்னம் வரைந்தது அவர்தான். ஓட்டுக் கேட்டு அவர் ஏறாத வாசல் இல்லை.

அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பாவுக்கு என் வயதுதான் இருக்குமாம். தாயில்லாத பிள்ளையைத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தது அம்மாதான் என்று அப்பா சொல்வார். எனக்கு அதை நம்ப முடியாது. சித்தப்பாவுக்கு அவ்வளவு பெரிய மீசை இருந்தது.

ஓட்டு எண்ணும் நாள் நெருங்க நெருங்க வீடு தயாரானது. அம்மா ட்ரம், குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். அரிசியும் பருப்பும் மெழுகுவத்தியும் வந்தன. அப்பா கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தெருப்பக்கத்து ஜன்னலில் அணைத்து அடுக்கினார்; கல் விழுந்தால் கண்ணாடி உள்ளே தெறிக்காதாம். மொட்டை மாடியில் சித்தப்பா கட்டியிருந்த கட்சிக்கொடியை, காற்றில் கிழிகிறது என்று சொல்லி இறக்கி மடித்து வைத்தார். சித்தப்பாவின் வண்டியை யாராவது கொளுத்திவிடப் போகிறார்கள் என்று அதைக் கம்பெனி குடோனில் கொண்டுபோய் நிறுத்தினார். கதவின் உட்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாளும் போட்டார். சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"ஏனுங்கண்ணா, நம்மூட்டுக்குப் பட்டாளமா வருது?" என்று கேட்டார். அப்பா திருப்புளியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஓட்டு எண்ணுகிற அன்றைக்குக் கம்பெனிகளும் பட்டறைகளும் லீவு. எந்நேரமும் காதில் விழும், எங்கள் ஊர்க் கல்சிலைக் கூடங்களின் உளிச் சத்தம்கூட இல்லை. காலையில் எழுந்து வந்தால், சித்தப்பாவின் சட்டைகளும் வேட்டிகளும் ஒன்றுவிடாமல் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர் வாளியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"எல்லாத்தையுமா அண்ணி நனைச்சீங்க?"

"கலவரம்னு வந்து தண்ணி நின்னுபோச்சுன்னா பொறவு எப்படித் தொவைக்கறது?" என்றாள் அம்மா.

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. சித்தப்பா அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, எக்ஸ்போர்ட் ரிஜெக்டில் வந்த ஒரு பனியனைப் போட்டுக்கொண்டார். வெளிநாட்டுப் பெண்களுக்காகத் தைத்தது. நெஞ்சில் பெரிய மஞ்சள் பூனை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுப்படியில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு முழுக்கச் சித்தப்பா பக்கத்திலேயே இருக்க வேண்டும், பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்ததால் அது சுலபமான வேலையாக இருந்தது. நாங்கள் பாம்பும் ஏணியும் விளையாடினோம். நான் தப்பான கட்டத்தில் ஏணி ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. காது தெருவிலேயே இருந்தது.

மத்தியானம் வாசலில் ஹாரன் அடித்தது. சித்தப்பாவின் சிநேகிதர்கள் இரண்டு வண்டிகளில் வந்திருந்தார்கள். நம்ம ஆள்தான் முன்னால் போகிறார், எண்ணுகிற இடத்துக்கு உடனே வா என்று வெளியிலிருந்தே கூப்பிட்டார்கள். சித்தப்பா எழுந்தார். பூனைப் பனியனோடு போகவும் அவர் தயார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கொல்லையிலிருந்து அம்மா சோப்பு நுரை சொட்டும் கைகளோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சத்தம் போடவில்லை.

"போன எலெக்சன்ல உன்ற மண்டைல துணிய வெச்சு அமுத்திப் புடிச்சது இந்தக் கைதான். இன்னொருக்கா என்னால ஆகாது. இரு, கண்ணு."

சித்தப்பா தலையில் தையல் போட்டது பட்டறையில் வழுக்கி விழுந்ததால் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்போது என்னை உறுத்தியது அதில்லை. கண்ணு என்று அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். மீசை வைத்த ஆளுக்கு அதைக் கொடுத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சித்தப்பா ஜன்னல் மூட்டையை லேசாக விலக்கி வெளியே பார்த்துச் சொன்னார்:

"புள்ளைக்குக் காய்ச்சல் அனலா அடிக்குதுங்க. உட்டுப்போட்டு வர முடியாது. நீங்க போங்க."

வெளியே யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வண்டிகள் கிளம்பிப் போய்விட்டன. எனக்குக் காய்ச்சல் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சித்தப்பா திரும்பி வந்து உட்கார்ந்து, உன் ஆட்டம்தான் என்று தாயக்கட்டையை என் கையில் கொடுத்தார்.

கலவரம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அதற்குள் போய்விடாமல் இருக்கத்தான் என்பது விளங்கப் பல வருடங்கள் ஆயின. அன்று சாயங்காலம் சித்தப்பா கட்சியின் வெற்றி ஊர்வலம் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது கல்வீச்சில் முடிந்தது. மத்தியானம் கூப்பிட வந்தவர்களில் ஒருவருக்குக் கால் முறிந்து, கடைசிவரை அது சரியாகவில்லை. மற்றவர்கள் வழக்குக்காக அவினாசி கோர்ட்டுக்கு அலைந்துகொண்டே இருந்தார்கள். சித்தப்பாவைக் கட்சிப் பக்கம் யாரும் பிறகு கூப்பிடவில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்பார்கள்.

அந்த ஊர்வலம் முதலில் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. எங்கள் வாசலுக்கு நேராக நின்று வேண்டுமென்றே சரவெடி வைத்தார்கள். நான் அலறினேன். சித்தப்பா என்னை மடிக்கு இழுத்து, நீலச் சாயம் ஏறிய உள்ளங்கைகளால் என் காதுகளைப் பொத்தினார். நிமிர்ந்து பார்த்தால் கண்கள் கலங்கியிருந்தன. மாதக்கணக்காக அவர் கேட்கக் காத்திருந்த வெடிச் சத்தம் அது என்று எனக்குத் தெரியாது. பாவம், இவருக்கும் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, என் இரண்டு கைகளையும் தூக்கி அவர் காதுகளைப் பொத்தப் போனேன். எட்டவில்லை. அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.