ஜெனிபா கேட்ட மேடு

பிரேம்சிங் மொட்டை மாடியில் போட்டிருக்கும் பாதையில் ஒரு சாண் நீள ரிமோட் லாரி மட்டுமே போகும். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி ஜெனிபா போன லீவில் வாங்கிவந்த லாரி அது. அவள் திரும்பிப் போன வாரமே அவர் முதல் தடையைச் செய்தார், காலி நூல் கோன்களை இரண்டு வரிசையாக ஒட்டி, நடுவில் லாரி மட்டும் நுழைகிற சந்து. பிறகு ஆடுகிற பாலம், சல்லிக் குவியல், வேப்பங்கட்டைப் படிகள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. போனைச் செங்கல்லில் சாய்த்துவைத்து அவர் ஓட்டுவார். அவள் அங்கிருந்து பார்ப்பாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தது ஏழு மாதம்.

மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பாளா, வந்துவிடுவாளா? சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் சிரித்தாள்.

"கைப்பிடிச் சுவரு உசரத்துக்கு ஒரு மேடு கட்டுங்க. கை வைக்காம வண்டி ஏறிட்டுன்னா நான் கையெழுத்துப் போடல, வந்திருதேன்."

விளையாட்டுப் பேச்சுதான். அவர் அளவு டேப்பை எடுத்துவிட்டார். மூன்றடி உயரம், அடியில் நாலடி நீளம். சரிவை நீட்டினால் லாரி சுலபமாக ஏறும், மாடியில் இடமும் இருந்தது. ஆனால் அவள் மனதில் நினைத்த மேடு அதுவாக இருக்காது.

பத்து நாள் வேலை. லாரி பாதியில் வழுக்கியது. சக்கரத்தை மாற்றினார், எடை வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

அவரோடு விசைத்தறி ஷெட்டில் வேலை பார்க்கும் மூக்காண்டி மாடிக்கு வந்து, சரிவுப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"ஏ வே, எத்தனை உப்புத்தாள் போட்டு இழைச்சீரு?"

"நாலு. சிலாம்பு இருக்கக் கூடாதுல்லா?"

"இதுல நூலா ஓடப்போவுது? டயரு வே, டயரு!"

பிரேம்சிங்கும் பலகையைத் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருடமாகத் தறி பழுது பார்க்கிறவர். இழை படுகிற மரத்தில் சிறு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் நூல் அறும் என்று பழகிய கை, யாரும் சொல்லாமலே பலகையைக் கண்ணாடியாக்கியிருந்தது. அன்றைக்கே மரப்பசை தடவி ஆற்றுமணலைத் தூவினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி முக்கி முக்கி ஏறியது. பாதியில் முன்சக்கரம் தூக்கியது. ஒரு கணம் நின்று, பின் உச்சியில் போய் உட்கார்ந்தது. அவர் கையைத் தட்டினார். போன் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, பாத்தியா?"

"பாத்தேன்."

"பெறவு என்ன?"

"திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசம் கேட்டாவ. ஒண்ணுதான் போட்டிருக்கேன்."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கோவமா?"

"இல்ல."

"சரி, வண்டிய அந்தப் பக்கமா இறக்குங்க, பாப்போம்."

மேட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் மூன்றடிப் பள்ளம். ஏறுவதை மட்டுமே அவர் நினைத்திருந்தார்.

"இறங்க வழி வைக்கல ஜெனி."

"நல்லா கட்டுனிய, போங்க." அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. "அடுத்த வெள்ளிக்குள்ள வச்சிருங்க. நான் பாக்கணும்."

போன் அணைந்த பிறகும் லாரி உச்சியிலேயே நின்றது. அதைக் கையால் தூக்கி இறக்க அவருக்கு மனம் வரவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.