ரேவதியின் தங்கையைத் தேடி புக்கிட் ரோத்தான் வரை

ஓர் எழுத்தாளர் மேடையில் சொன்ன ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்ததால், போன மாதம் ஒரு சனிக்கிழமை ரவாங்கிலிருந்து புக்கிட் ரோத்தானுக்குக் காரை எடுத்தேன். அவரை இங்கே ரேவதி என்கிறேன். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ரேவதி கோல சிலாங்கூர்ப் பக்கம், புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் மகளாகப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் காதலித்தவரோடு வீட்டைவிட்டுப் போய், மெல்பர்னில் முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். கவிதை எழுதியதும் அங்கேதான், ஆங்கிலத்தில். முதல் தொகுப்பு வரும்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அப்புறம் மூன்று நாவல்கள், இரண்டாவதற்கு ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கிய விருது. எல்லாப் புத்தகத்திலும் சமர்ப்பணம் ஒன்றுதான்: ‘என்னை மறந்துவிட்ட தங்கைக்கு.’ இரண்டு மாதம் முன்பு கோலாலம்பூர் வாசிப்புக் கூட்டத்தில், ஊருக்குப் போவீர்களா என்று யாரோ கேட்டார்கள். “அந்த வீட்டில் என் படம்கூட இருக்காது. கதவைத் தட்டத் தைரியம் இல்லை” என்றார்.

அவருக்கு இல்லாவிட்டால் என்ன, எனக்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இந்த மூக்கை நுழைக்கும் புத்திக்காக வீட்டில் நிறைய வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலை 8.10க்குக் கிளம்பினேன். அசாம் ஜாவா வழியாக 46 கிலோமீட்டர், 55 நிமிடம். டோலும் பெட்ரோலும் போகவர 31 வெள்ளி. நாவலில் பக்கம் பக்கமாக வந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள் மட்டும்தான். சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த லோரி ஓட்டுநரிடம் ரேவதியின் அப்பா பெயரைச் சொன்னேன்.

“அவரு செத்து நாலு வருசம் ஆச்சுலா. சின்ன மக செல்வி புக்கிட் ரோத்தான் தாமான்ல இருக்கு. மூணாவது வரிசை, பச்சை கேட்டு.”

பத்து நிமிடத்தில் அந்தக் குடியிருப்பும் பச்சை கேட்டும் வந்துவிட்டன. தோட்டத்துக் கதைகளைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் செல்வி அக்கா உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கூடத்துக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்ச் சுவரில் ரேவதியின் படம். இளம் வயது முகம், ஆனால் தாடையில் நான் மேடையருகே பார்த்த அதே தழும்பு. படத்துக்கு மாலை, குங்குமம், எரிகிற விளக்கு. கீழே தட்டில் கண்ணாடி வளையல், மடிப்புக் கலையாத பட்டுப் பாவாடை, சட்டை. என் பையிலிருந்த நாவலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷி அவர்.

“எங்க பெரியம்மா. கன்னிசாமி” என்றாள் செல்வி அக்காவின் மகள் திவ்யா. “கல்யாணம் ஆகாம காய்ச்சல்ல போயிட்டாங்க. ரொம்ப பவர்ஃபுல் அக்கா. போன வாரம் லைசென்ஸ் டெஸ்டுக்கு வேண்டிக்கிட்டேன், பாஸ்.”

கை என்னை அறியாமல் பையிலிருந்த புத்தகத்தைப் பாதி வெளியே இழுத்துவிட்டது. பின் அட்டையில் ரேவதியின் படம். செல்வி அக்கா பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“திவ்யா, கடையில ஐஸ் வாங்கிட்டு வா” என்று மகளை அனுப்பினார். கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இருக்காளா?”

“இருக்காங்கக்கா. நல்லா இருக்காங்க.”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

“ஓடிப்போயிட்டான்னு சொல்ல அப்பாவுக்கு அசிங்கம். கோலாலம்பூர்ல காய்ச்சல்ல செத்துட்டான்னு லயம் முழுக்கச் சொல்லிட்டாரு. அடுத்த வருசம் கோயில் திருவிழாவுல சாமியாடி அப்பாவப் புடிச்சுக்கிட்டு, உன் வீட்டுக் கன்னிப்பொண்ணு துணி கேக்குறாடான்னு ஆடிட்டாரு. ஊரே பாக்குது. இல்லன்னு எப்படிச் சொல்லுவாரு? அன்னைக்கு ஆரம்பிச்சது. முப்பத்திரெண்டு வருசமா ஆடி மாசம் புதுத்துணி, இறால் பெரட்டல், வெளக்கு. உசுரோட இருக்கவளுக்குப் படைக்கிறமேன்னு எனக்கு ஒவ்வொரு வருசமும் உறுத்தும். நிறுத்தினா அவளுக்கு எதாச்சும் ஆயிடுமோன்னும் பயம்.”

தன் படம்கூட இருக்காது என்று நம்பி ஒருவர் அங்கே புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார். இங்கே அவருக்கு மாலையும் விளக்கும். சமர்ப்பணப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். “மறந்துட்டேனாமா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு எழுந்து நாற்காலியில் ஏறி மாலையைக் கழற்றினார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். திவ்யா ஐஸ் பையோடு உள்ளே வந்தாள்.

“சாமி மாலைய ஏம்மா கழட்டுறீங்க?”

“உங்க பெரியம்மா சாகல. உக்காரு, சொல்றேன்.”

நான் 12.40க்குக் கிளம்பும்போது அந்தப் பட்டுப் பாவாடை என் கையில் பொட்டலமாக இருந்தது. “பத்தொம்பது வயசு அளவு. பத்துமான்னு கேளுங்க” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்குமேல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. லயத்தைத் தேடி அலையாதீர்கள், சாலையோரக் கடையில் கேளுங்கள். யார் வீட்டிலும் புத்தகத்தைச் சட்டென்று வெளியே எடுக்காதீர்கள்.

நடந்ததை எல்லாம் ஒரு கடிதத்தில் எழுதிப் பொட்டலத்தோடு வைத்து மெல்பர்னுக்கு அனுப்பினேன். போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. நேற்று ரேவதியிடமிருந்து பதில் வந்தது. “பாவாடை இடுப்பில் ஏறவே இல்லை. ஆடிக்கு நானே வருகிறேன், அளவெடுக்கச் சொல்லுங்கள்.”